மறுநாளும் கதவைத் தட்டிய மூப்பர்

எங்கள் சபையின் மூப்பர்களுள் ஒருவராக இருந்து இவ்வாண்டு மறைந்த லிப்ட்டுக்காரரைப் பற்றி எழுதுமாறு கேட்டுக்கொண்டார்கள். அவரை அறியாதவர்களுக்கு முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். லிப்ட்டை இயக்கியவர் அல்லர் அவர், பழுதுபார்த்தவர். உயர்ந்த கட்டடங்களின் உச்சியில், குடியிருப்போர் கண்ணில் படாத மோட்டார் அறைகளிலும், தரைத்தளத்துக்குக் கீழே எண்ணெய் கசிந்து கிடக்கும் பள்ளங்களிலும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். "பரலோகத்துக்கும் பாதாளத்துக்கும் நடுவுல சம்பளத்துக்குப் போய்வர்றவன் நான்" என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வார்.

அவருடைய வாய் ஓயாது. வீட்டிலேயே தையல் வேலை பார்த்த அவருடைய மனைவி, "என் மெஷினுக்காவது நூல் அறுந்தா நிக்கும்; இவருக்கு அந்த வசதியும் இல்ல" என்பார். ஆனால் அந்தப் பேச்சு அவருடைய தொழிலில் ஒரு கருவியாகவே இருந்தது. லிப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்று உள்ளே ஆட்கள் அகப்பட்டுக்கொண்டால், மேலே மோட்டார் அறைக்குச் சென்று மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மெல்ல ஒரு தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவர் தம் கூட்டாளியை மேலே அனுப்பிவிட்டு, மூடிய கதவின் முன் நின்று விரல் முட்டியால் தட்டுவார்.

"உள்ளே யாரு? சரி, உக்காருங்க. தரையிலேயே உக்காருங்க, யாரும் பார்க்கப் போறதில்ல. லைட்டு போனாலும் காத்து வரும். கொஞ்ச நேரத்துல பெட்டி ஆடும். ஆடினா பயப்படாதீங்க, மேல எங்க ஆள் சக்கரத்தைச் சுத்தறான்னு அர்த்தம். நல்லா சாப்பிடற ஆள்தான், நம்பிக்கையா இருங்க."

இப்படிப் பெட்டி வந்து சேரும்வரை பேசிக்கொண்டே இருப்பார். அகப்பட்டவர்களை வதைப்பது இருட்டன்று, அமைதிதான் என்பது அவர் அனுபவத்தில் கண்ட முடிவு. "வெளியில ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். குரல் நின்னுச்சுன்னா, நம்மளை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு உள்ளே இருக்கிறவங்க முடிவு கட்டிடுவாங்க" என்பார். கூட்டாளிக்கு மட்டும் இதில் மனக்குறை உண்டு. "சக்கரம் சுத்தி முதுகு ஒடியறது எனக்கு. வெளியில வந்து கையைப் பிடிச்சு நன்றி சொல்றது உனக்கு" என்று முறையிடுவார்.

இத்தகைய மனிதரைச் சபையார் மூப்பராகத் தேர்ந்தெடுத்தபோது, திகைத்தவர்களுள் முதல்வர் அவரே. "என்னையா? நான் பேச ஆரம்பிச்சா ஆராதனை மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிடுமே, ஐயா" என்று போதகரிடம் சொன்னார்.

"அதனாலதான் திருவிருந்துத் தட்டை உங்ககிட்ட கொடுக்கறோம். கை நிறைய இருந்தா வாய் சும்மா இருக்கும்" என்றார் போதகர்.

சிரிப்போடு முடிந்த அந்தப் பேச்சு அவருடைய மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஏனெனில், அவர் நிரப்ப வேண்டியிருந்தது மருந்துக்கடை மூப்பரின் இடம்.

மருந்துக்கடை மூப்பர் மெலிந்த உருவினர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். கடையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பதைக்கூட விரலால் காட்டுவாரேயொழிய வாயைத் திறக்கமாட்டார். துக்க வீட்டுக்குச் சென்றால் இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்துத் தரையைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். யார் என்ன கேட்டாலும் நெடுநேரம் விடை வராது. கடைசியில், "ஆண்டவர் இருக்கார்" என்ற இரண்டே சொற்களைச் சொல்லிவிட்டு எழுந்துகொள்வார். அந்த இரண்டு சொற்களும் நெடிய மௌனத்தின் அடியிலிருந்து புறப்பட்டு வருவதால், பத்துப் பிரசங்கத்துக்குச் சமம் என்று மதிக்கப்பட்டன. அவருடைய அடக்க ஆராதனையில் போதகரே, "இவர் பேசாமலே நம்மோடு பேசியவர்" என்றார். எல்லாரும் தலையசைத்தோம்.

எங்கள் சபையில் ஆண்டுக்கொரு ஞாயிறு, மறைந்த மூப்பர்களை நினைவுகூர்வதற்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. புதிதாக மறைந்தவரின் இடத்துக்கு வந்தவர் அன்று எழுந்து நின்று, தமக்கு முன்னவரிடமிருந்து தாம் கற்றுக்கொண்டது இன்னதென்று சபையின் முன் சொல்ல வேண்டும். நல்ல வழக்கந்தான். ஆயினும் அதனோடு எங்களுக்கே உரிய பிழையொன்றும் வளர்ந்துவிட்டது. மறைந்தவரின் நற்குணம் எது, உடற்குறை எது என்று பிரித்துப் பாராமல் இரண்டையும் ஒன்றாகவே சுமக்கத் தொடங்கினோம். முன்னொரு மூப்பர் கண்ணாடி போட மறுத்து, வேதாகமத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்தார். அவருக்குப் பின் வந்தவர் கழுகுப் பார்வை உடையவர். அவரும் கையை நீட்டியே வாசித்தார். மற்றொருவர் முழங்கால் வலியால் ஜெபம் முடிந்தும் எழத் தாமதித்தார். அடுத்து வந்தவர் திடகாத்திரமானவர்; ஆயினும் அவரும் தாமதித்தே எழுந்தார். அதனைப் பக்தி என்று சொல்லிக்கொண்டோம்.

லிப்ட்டுக்காரரும் அந்தப் பிழைக்குத் தப்பவில்லை. அவர் மருந்துக்கடை மூப்பரின் மௌனத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முதலில் வீட்டில் பழகிப் பார்த்தார். மனைவி உப்பு வாங்கி வரச் சொன்னால், தரையைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார். "என்னங்க, பல் வலியா?" என்று கேட்டார் மனைவி. இல்லையென்று தலையாட்டினார். "வேலை போயிடுச்சா?" அதற்கும் தலையாட்டல்தான். அன்று மாலை அக்கம்பக்கத்தார் இருவர் வந்து, வீட்டில் ஏதேனும் தகராறா என்று மனைவியிடம் தனியே விசாரித்துச் சென்றார்கள்.

இந்த நிலையில்தான் பேக்கரிக்காரர் காலமானார். கணவனும் மனைவியுமாக நடத்திய கடை அது. கீழே அடுப்பும் விற்பனையும். செங்குத்தான படிகளில் ஏறினால் மேலே வீடு. ஆராதனையில் சபையார் பகிர்ந்து உண்ணும் திருவிருந்துக்கு வேண்டிய ரொட்டியும் தொன்றுதொட்டு அங்கிருந்தே வரும். பேக்கரி அக்கா என்று நாங்கள் அழைத்த அந்த அம்மையார், லிப்ட்டுக்காரரைத் 'தம்பி' என்று கூப்பிட்டுப் பழகியவர். கடைக்கு வந்தாலே, "தம்பி வந்துட்டார், ரேடியோவை நிறுத்துங்க" என்று கேலி செய்பவர்.

அடக்கத்துக்கு மறுவாரம் லிப்ட்டுக்காரர் தம் மனைவியுடன் ஆறுதல் கூறச் சென்றார். மூப்பராக அவர் செல்லும் முதல் துக்க வீடு அது. மேலறையில் மாவின் வாசனை சுவரில் ஊறியிருந்தது. இறந்தவரின் மேலங்கி கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்கியது. உறவினர்கள் சிலர் சுவரோரமாக அமர்ந்திருந்தார்கள். பேக்கரி அக்கா இருவரையும் உட்காரச் சொன்னார். பிறகு நேராக அவரைப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலையில நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னார். அடுப்புல தட்டு ஏத்தியிருந்துச்சு. இந்த ஈடு இறங்கட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போவோம்னு நான்தான் சொன்னேன். ஈடு இறங்கறதுக்குள்ள அவர் விழுந்துட்டார். நீங்க இப்ப மூப்பர். அதனால கேக்கறேன். என்னாலதானே அவர் போனார்?"

லிப்ட்டுக்காரர் இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்தார். தரையைப் பார்த்தார். சொல்ல வேண்டிய விடை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாதென்று சொல்வது மூப்பருக்கு அழகன்று என நினைத்தார். மருந்துக்கடை மூப்பரைப்போல் மௌனமாயிருந்தால், அந்த மௌனத்தின் முடிவில் தக்க சொல் தானாகவே வந்து சேரும் என்று நம்பினார். உறவினர்கள் அவருடைய வாயையே பார்த்தார்கள். சொல் வரவில்லை. கீழே யாரோ தகரத் தட்டுகளை அடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"சரி, மூப்பரே. புரிஞ்சுது" என்று சொல்லிப் பேக்கரி அக்கா எழுந்து உள்ளே சென்றார்.

தெருவுக்கு வந்ததும் மனைவி நின்றுவிட்டார்.

"என்ன பண்ணிட்டீங்கன்னு தெரியுதா?"

"மருந்துக்கடை மூப்பர் இப்படித்தான் இருப்பார்."

"அவர் இருந்தா அது அவர். நீங்க இருந்தா அது கோர்ட்டு. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஜட்ஜு உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்தீங்க. லிப்ட்டுக்குள்ள மாட்டினவங்க கூப்பிட்டா இப்படித்தான் உம்முனு நிப்பீங்களா?"

"இது லிப்ட்டு இல்ல. இது ஆவிக்குரிய காரியம்."

"ஆமா. லிப்ட்டுல மாட்டினவங்களுக்காவது கதவு எந்தப் பக்கம்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடக்கத் தொடங்கினார்.

லிப்ட்டுக்காரர் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வைத்தது அதன்பின் வந்த திருவிருந்து ஞாயிறு. பேக்கரி அக்காவின் இடம் காலியாக இருந்தது. ரொட்டி மட்டும் வெள்ளைத் துணியில் பொதிந்து வந்தது. கொண்டுவந்தவர் கடையில் மாவு பிசைபவர். அடுத்த திருவிருந்துக்கும் அப்படியே. மூன்றாம் முறையும் ரொட்டி மட்டும் வரவே, லிப்ட்டுக்காரர் மாவு பிசைபவரைப் பக்கவாசலில் நிறுத்திக் கேட்டார்.

"அக்கா உடம்புக்கு முடியலையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோயிலுக்குத்தான் வரமாட்டாங்க."

"ஏன்?"

மாவு பிசைபவர் தயங்கினார். "சொன்னா வருத்தப்படாதீங்க. 'என்னாலதானேன்னு கேட்டேன், மூப்பர் இல்லைன்னு சொல்லல. சபை மனசுல இருக்கிறது அதுதான்'னாங்க. ரொட்டி சுட்டு அனுப்பறது கடமையாம், அனுப்புவாங்களாம். அதை எடுத்துச் சாப்பிடற தகுதி அவங்களுக்கு இல்லையாம்."

அன்று தட்டை ஏந்தி வரிசை வரிசையாகச் சென்றபோது அவர் எவர் முகத்தையும் பார்க்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். கையில் இருந்த ரொட்டியைச் சுட்டவர், அதை உண்ணத் தமக்குத் தகுதியில்லை என்று நம்பி வீட்டில் அமர்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது தம்முடைய மௌனம். அவரை அந்த மேசைக்குத் திரும்பக் கொண்டுவர முடியாவிட்டால், தாம் மூப்பராயிருந்து தட்டைத் தூக்குவதற்குப் பொருளே இல்லை என்பது அவருக்கு விளங்கியது.

ஆராதனை முடிந்ததும் அவர் நேரே மருந்துக்கடை மூப்பரின் மனைவியிடம் சென்றார். மூட்டு வலியால் சில வாரங்களாகக் கோயிலுக்கு வராதிருந்த அவர், கணவரின் முழுக்கைச் சட்டைகளை யாருக்காவது கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. சட்டை வேணுமா? உனக்குப் பத்தாது, தொப்பை இடிக்கும்."

"சட்டை வேண்டாம்மா. ஐயாவோட மௌனம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியணும். நானும் செஞ்சு பார்க்கறேன், எனக்கு வரமாட்டேங்குது."

அந்த அம்மையார் மடித்த சட்டையைக் கீழே வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். நெடுநேரம் சிரித்தார்.

"அது மௌனம் இல்ல, தம்பி. திக்குவாய்."

லிப்ட்டுக்காரர் அருகிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சின்ன வயசிலேருந்து. என்கிட்ட நல்லாப் பேசுவார். நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்தா முதல் எழுத்துலயே நாக்கு நின்னுரும். அதான் கோயில்ல வேதபாடம் வாசிக்க வரமாட்டேன்னுட்டார். நீங்க எல்லாரும் தாழ்மைன்னு சொன்னீங்க. தாழ்மையும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. துக்க வீட்டுல உக்காந்து உள்ளுக்குள்ள வார்த்தை தேடிக்கிட்டிருப்பார். சொல்ல நினைச்சது வேற. கடைசியில எது திக்காம வழுக்கி வருதோ அதைச் சொல்லிட்டு எழுந்துருவார்."

"அதைப் பார்த்து நான் ஒரு அம்மாவை உடைச்சுட்டேன்" என்று சொல்லி, பேக்கரி வீட்டில் நடந்ததை அவர் விவரித்தார்.

அந்த அம்மையார் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரி, மறுநாள் போனியா?"

"எங்கே?"

"அவ வீட்டுக்குத்தான்."

"இல்லையே. பார்த்துட்டு வந்துட்டோமே."

"இவர் போவாரே." அது எல்லாரும் அறிந்த செய்தி என்பதுபோல் சொன்னார். "வீட்டுக்கு வந்ததும் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். 'சொல்ல வேண்டியதைச் சொல்லாம வந்துட்டேனே'ன்னு. மறுநாள் ரெண்டு மாத்திரையைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிருவார். அதுக்குள்ள அங்கே கூட்டம் போயிருக்கும். ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க. அப்ப கொஞ்சம் நாக்கு அசையும். அப்பவும் வரலைன்னா அடுத்த நாள் போவார். சொல்லி முடிக்கிற வரைக்கும் போவார். பாதிப் பேருக்கு எதுக்கு வந்தார்னே தெரியாது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொண்டு வந்தார்னு நினைச்சிருப்பாங்க."

இந்த இடத்தில் சற்று நின்று நோக்குவது நம் கடமை. மறைந்த மூப்பர்களை நினைவுகூரும்போது நாம் அவர்கள் நின்ற விதத்தையும் அமர்ந்த விதத்தையும் நினைக்கிறோம்; அவர்கள் ஏறி இறங்கிய படிகளை நினைப்பதில்லை. மருந்துக்கடை மூப்பரிடம் சபை முழுவதும் வியந்தது அவர் மறைக்கப் பாடுபட்ட குறையை. அவருடைய உண்மையான ஊழியமோ, மாத்திரைப் பொட்டலத்துக்குள் மறைந்து நம் வீடுகளுக்குள்ளேயே வந்துபோயிற்று. கடவுள் ஒரு மனிதரின் குறையைக் கொண்டே அவருடைய அன்பைச் செதுக்குகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாக்கு ஒருமுறையிலேயே பேசியிருந்தால், அவர் இரண்டாம் முறை போயிருக்கமாட்டார். ஆனால் அந்தக் குறை அவருக்கு அளிக்கப்பட்டது, நமக்கன்று. நமக்கு அளிக்கப்பட்டதை வைத்து நாம் போக வேண்டும்.

லிப்ட்டுக்காரர் அன்றே வீட்டுக்குச் சென்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மௌனம் கலைந்ததில் மனைவிக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் விடவில்லை. "மறுநாள் போகணும்னு சரி. நீங்க மாசக்கணக்குல விட்டுட்டீங்களே?"

"அவங்களுக்கு இன்னும் அதே நாள்தான் நடந்துக்கிட்டிருக்கு. நாளைக்குப் போனாலும் அது மறுநாள்தான்" என்றார் அவர்.

மறுநாள் பிற்பகலில் அடுப்பு தணிந்து, மாலை விற்பனை தொடங்காத நேரம் பார்த்துக் கடைக்குச் சென்றார். பேக்கரி அக்கா தகர அச்சுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன மூப்பரே, ரொட்டி பத்தலையா?"

"ரொட்டி போதும்க்கா. அன்னைக்கு நான்தான் பத்தல."

அவர் கை நின்றது.

"நீங்க கேட்டதுக்கு எனக்கு உடனே பதில் வரல. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, பெரிய மனுஷன் மாதிரி உக்காந்துட்டேன். நான் பேசாம இருந்தது உங்களுக்குச் சொன்ன பதில் இல்ல. சபையோட பதிலும் இல்ல. எனக்கு மூப்பரா இருக்கத் தெரியல, அவ்வளவுதான்."

"இப்ப மட்டும் தெரிஞ்சிருச்சா?"

"மூப்பரா இருக்க இன்னும் தெரியல. உங்க கேள்விக்குப் பதில் தெரியும். உங்களால இல்ல."

"ஈடு இறங்கட்டும்னு சொன்னவ நான்."

"அதைத் தினமும்தானே சொல்லுவீங்க? அவருக்குக் கை சுட்டப்ப என்ன சொன்னீங்க? கல்யாண வீட்டுக்குக் கிளம்பறப்ப என்ன சொன்னீங்க? நான் கடைக்கு வந்து மிச்சச் சில்லறை கேட்டா என்ன சொல்லுவீங்க? ஈடு இறங்கட்டும். இந்தக் கடையில அது மூச்சு விடற மாதிரி. அன்னைக்கு மட்டும் அது எப்படிக் குத்தமாகும்? சொன்னப்ப அவர் என்ன சொன்னார்?"

பேக்கரி அக்கா கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். "'சரி, நீ தட்டைப் பாரு'ன்னார்."

"பாருங்க. அவருக்கும் அது மூச்சுதான்."

அவர் மீண்டும் அச்சுகளுக்கு எண்ணெய் தடவத் தொடங்கினார். போய்வாருங்கள் என்றோ, உட்காருங்கள் என்றோ சொல்லவில்லை. லிப்ட்டுக்காரர் தாமே விடைபெற்று வந்தார்.

மறுநாள் மீண்டும் சென்றார்.

"இன்னைக்கு என்ன?"

"நேத்து சொன்னதையே சொல்ல வந்தேன்."

"சொன்னது மறந்துபோச்சா?"

"எனக்கு மறக்கல. உங்களுக்கு மறந்திருக்கும்."

அக்காவின் உதட்டோரம் அசைந்ததாக லிப்ட்டுக்காரர் தம் மனைவியிடம் சத்தியம் செய்தார், மனைவி நம்பவில்லை. அதற்கடுத்த முறை சென்றபோது, அதே கேள்வியை அக்கா மறுபடியும் கேட்டார். அதே விடையை இவர் மறுபடியும் சொன்னார். இப்படிக் கேள்வியும் விடையும் பல பிற்பகல்களில் அந்த அடுப்பறையில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. ஒரே சொல்லைப் பலமுறை சொல்வது பேச்சாற்றலுக்கு இழுக்கு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். துக்கத்தில் இருப்பவருக்கு முதல்முறை சொன்ன சொல் காதுவரைதான் செல்கிறது. அது உள்ளே இறங்கும்வரை சொல்ல ஆள் வேண்டும். ஓயாத வாய் வேண்டும். அந்த வாய் லிப்ட்டுக்காரருக்கு இயல்பிலேயே அமைந்திருந்தது. அதைக் குறையென்று எண்ணிப் பூட்டி வைத்திருந்தார், இப்போது திறந்துவிட்டார். கேள்வி தீர்ந்த நாள்களில், எந்தக் கட்டடத்தில் எந்த லிப்ட் எப்படி முரண்டு பிடித்தது என்று கதை சொன்னார். ஒருநாள் அக்கா, "வாயை மூடிக்கிட்டு அந்தத் தட்டைப் பிடிங்க" என்றார். தட்டைப் பிடித்தபடியே அவர் கதையைத் தொடர்ந்தார்.

அதுமுதல் அவர் மூப்பராயிருந்த காலம் முழுவதும், எந்தத் துக்க வீட்டிலும் இரண்டாம் சந்திப்பைத் தவறவிட்டதில்லை. அவரிடம் மாத்திரை இல்லாததால் வேறு சாக்குச் சொல்வார். "நேத்து குடையை மறந்து வெச்சுட்டேன்" என்பார். குடை அவர் கையிலேயே இருக்கும். எங்கள் வீட்டுக்கும் அவ்வாறு ஒருமுறை வந்திருக்கிறார்.

அவ்வாண்டின் நினைவுகூரும் ஞாயிறு வந்தது. மருந்துக்கடை மூப்பரிடமிருந்து கற்றதை அவர் எழுந்து சொல்ல வேண்டும். திக்குவாயைப் பற்றிச் சபையில் சொல்லலாமா என்று முன்கூட்டியே அந்த அம்மையாரிடம் அனுமதி கேட்டார்.

"சொல்லு தம்பி. மறைச்சு மறைச்சு அவரும் களைச்சுப் போயிட்டார்" என்றார் அவர். மூட்டு வலியோடு அன்று முன்வரிசையில் வந்து அமர்ந்தார். பேக்கரி அக்காவும் வந்திருந்தார். கடைசிப் பலகையில், கதவுக்கு அருகில்.

லிப்ட்டுக்காரர் எழுந்து நின்றார். நீண்ட உரையை எதிர்பார்த்து நாங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். அவர் சுருக்கமாகவே பேசினார்.

"நம்ம மருந்துக்கடை மூப்பர் பேசாம இருந்ததைப் பார்த்து நான் பேசாம இருந்து பார்த்தேன். என் வீட்டுக்காரி டாக்டரைக் கூப்பிடப் போயிட்டா." சபை சிரித்தது. "அவர் பேசாம இருந்ததுக்குக் காரணம் திக்குவாய். அவங்க வீட்டம்மா சம்மதத்தோடதான் சொல்றேன். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாம வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பி வருவார். உங்க வீட்டுக்கு ஒரு தடவை மாத்திரை கொண்டு வந்து கொடுத்தாரா? நீங்க காசு கொடுத்து வாங்காத மாத்திரையா? ஞாபகப்படுத்திப் பாருங்க."

பிறகு நடுவரிசையிலிருந்து அஞ்சல்காரர் எழுந்தார். "எங்க அப்பா இறந்தப்ப வந்தார். தலைவலி மாத்திரை. எனக்குத் தலைவலியே இல்ல. கடையில மிஞ்சிப்போச்சு போலன்னு நினைச்சேன். அரை மணி நேரம் உக்காந்து எங்க அப்பாவைப் பத்தி என்னென்னமோ சொன்னார். திக்கித் திக்கித்தான் சொன்னார். நான் அழறாருன்னு நினைச்சுட்டேன்."

அவர் அமர்வதற்குள் இன்னொருவர் எழுந்தார். அதன்பின் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு மாத்திரைப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. தம் வீட்டுக்கு மட்டும் அவர் தற்செயலாக வந்ததாகவே ஒவ்வொருவரும் அதுவரை எண்ணியிருந்தார்கள். முன்வரிசையில் அந்த அம்மையார் திரும்பித் திரும்பி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுள் பல அவருக்கும் புதியவை. எங்கள் சபையில் மறைந்த மூப்பர் ஒருவரை நாங்கள் உள்ளபடியே நினைவுகூர்ந்தது அன்றுதான்.

அதன்பின் திருவிருந்து. லிப்ட்டுக்காரர் தட்டை ஏந்தி முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு பலகையாகப் பின்னோக்கி வந்தார். கடைசிப் பலகையை அடைந்ததும் பேக்கரி அக்காவின் முன் நின்றார். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவிருந்துக்கென்று தாமே பிசைந்து, தம் அடுப்பில் சுட்ட ரொட்டி. அவர் கை மடியிலேயே இருந்தது.

லிப்ட்டுக்காரர் குனிந்தார். திருவிருந்தின்போது மூப்பர் பேசுவது எங்கள் முறையன்று. அவர் பேசினார், அருகில் அமர்ந்திருந்தவர்களுக்குக் கேட்கும் குரலிலேயே பேசினார்.

"உங்களால இல்லக்கா."

பேக்கரி அக்கா ஒரு துண்டை எடுத்தார். கண்ணை மூடி வாயில் இட்டார். மெல்ல மென்றார். பிறகு கண்ணைத் திறந்து, புருவத்தைச் சுருக்கினார்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"இதுல உப்பே இல்ல."

லிப்ட்டுக்காரர் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"உப்பு போடறது எப்பவும் அவர் வேலை. நான் மறந்தே போயிருக்கேன். இத்தனை மாசமா இதையா எல்லாரும் தின்னீங்க? ஒருத்தர்கூடச் சொல்லல?"

"துக்கத்துல இருக்கீங்கன்னு சும்மா இருந்துட்டோம்."

"நல்ல சபை" என்றார் பேக்கரி அக்கா. "அடுத்த தடவை சரியா இருக்கும். நகருங்க, பக்கத்துல ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."